பழைய ஆம்ப்ளிபயருக்கு மறுவாழ்வு

இசைத்தட்டின் நுண்ணிய பள்ளத்தில் ஊசி ஓடும்பொழுது பிறக்கின்ற மின்னழுத்தம் எவ்வளவு தெரியுமா? காந்த வகைப் பிக்-அப் ஒன்றில் அது ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறாக்கினால் ஐந்து கூறு என்னும் அளவிலேதான் இருக்கும். ஆனால் 15 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கியிலிருந்து 15 வாட் ஆற்றலோடு இசை எழவேண்டுமாயின், அதற்கு 15 வோல்ட் கொடுத்தாகவேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஊசியில் பிறந்த அழுத்தம் 3,000 மடங்கு வளரவேண்டும். வளர்வது மட்டும் போதாது. வளரும்போது அதன் வடிவம் மாறிவிடவும் கூடாது. வீணையின் ஓசை வீணையாகவே வரவேண்டும். மிருதங்கத்தின் தொப்பி தொப்பியாகவே ஒலிக்கவேண்டும். இந்தப் பணியைச் செய்யும் கருவியைத்தான் ஆம்ப்ளிபயர் என்கிறோம். உருவம் கெடாமல் ஒலியைப் பெருக்கித் தரும் உயர்தரக் கருவிகளுக்கு 'ஹை-பை' என்று பெயர் வழங்கலாயிற்று. 'உண்மைக்கு மிகவும் அணுக்கமானது' என்பது அதன் பொருள்.

இவ்வகைக் கருவிகளுள் ஒன்று, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டது, என் கைக்கு வந்தது. அதற்கு மறுபடி உயிர் கொடுத்த கதையையும், அதன் வழியாக நான் தெரிந்துகொண்ட விஞ்ஞானத்தையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அதன் உள்ளே இருக்கும் வால்வு எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைப் பார்ப்போம். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ் ஒன்று. அதனுள்ளே சூடேற்றப்பட்ட எதிர்மின்வாய் இருக்கின்றது. சூட்டினால் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. எதிரே உள்ள நேர்மின்வாய்க்கு உயர்ந்த அழுத்தம் கொடுத்தால், அந்த எலெக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாய்கின்றன. இத்தகைய இரு முனை வால்வை 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங் அமைத்தார். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் இரண்டு முனைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். கிரிட் எனப்படும் அந்த வலைதான் உலகின் செவியைத் திறந்தது எனலாம்.

ஏரி மதகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியில் நிற்கும் வெள்ளத்தை ஒரு மனிதன் தள்ள முடியாது. ஆனால் மதகின் பலகையை ஒரு சாண் உயர்த்தவும் தாழ்த்தவும் அவனால் முடியும். அவன் கை அசைவிற்கு ஏற்ப வாய்க்காலில் வெள்ளம் பெருகும், குறையும். கிரிட் என்பது அந்தப் பலகை. ஊசி தருகின்ற சிறிய அழுத்தம், பலகையை அசைக்கும் கை. நேர்மின்வாயில் பாயும் மின்னோட்டம், வாய்க்காலில் ஓடும் வெள்ளம். சிறியதைக்கொண்டு பெரியதை ஆளுவது என்பதே இதன் இரகசியம்.

ஆனால் எந்த வால்வும் முற்றிலும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. கிரிட்டின் அசைவை அப்படியே பெருக்காமல், சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் குறைத்தும் தருகின்றது. இதைத் திரிபு என்பார்கள். இந்தத் திரிபை எப்படி ஒழிப்பது என்று தொலைபேசிப் பொறியாளர்கள் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அமெரிக்காவில் ஹட்ஸன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஹரால்ட் பிளாக் என்னும் இளம் பொறியாளருக்கு விடை தோன்றிற்று. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அவர் அதை எழுதி வைத்தார். கருவியிலிருந்து வெளிவரும் குறியில் ஒரு சிறு பகுதியை எடுத்து, தலைகீழாக்கி, மறுபடி நுழைவாயிலுக்கே அனுப்புவதுதான் அவர் கண்ட வழி. தம்பூராவின் சுருதியோடு தம் குரலை ஒப்பிட்டுக்கொண்டே பாடுகின்ற பாடகர், குரல் சிறிது விலகினாலும் அக்கணமே திருத்திக்கொள்வதில்லையா? அதுபோலவே ஆம்ப்ளிபயரும் தன் ஒலியைத் தானே கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கின்றது. பெருக்கம் ஓரளவு குறையும். அதற்கு ஈடாக நேர்மை கிடைக்கும். இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இந்தத் தத்துவம் வீட்டு இசைக்கருவிகளுக்கும் வந்தது. 1947ஆம் ஆண்டில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் ஆங்கிலப் பத்திரிகையில் வில்லியம்ஸன் என்பவர் ஓர் ஆம்ப்ளிபயரின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார். 15 வாட் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த திரிபு! பல நாடுகளில் ஆர்வமுள்ளவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் கையாலேயே கருவி செய்துகொண்டார்கள். அந்த ஆர்வம் கொழுந்துவிட்டெரிந்த காலத்தில்தான், இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற சிற்றூரில் பீட்டர் வாக்கர் என்பவர் தம் தொழிற்சாலையை நடத்திவந்தார். 1936இல் அவர் தொடங்கிய அக்கௌஸ்டிகல் கம்பெனி, 1953இல் 'குவாட் 2' என்னும் ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. நான் சொல்ல வந்த கருவி அதுதான்.

என்னிடம் முன்பு பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர், ஒரு நாள் இரண்டு கனமான பொட்டலங்களோடு வந்தார். அவருடைய தந்தையார் இளமையில் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியபோது கொண்டுவந்த குவாட் 2 கருவிகள் அவை. தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கருவிகள் பரணில் கிடந்தன. வீட்டில் வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கியிருக்கிறார்கள். "ஐயா, இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா, அல்லது இன்னும் உயிர் இருக்குமா? அம்மா கேட்கச் சொன்னார்கள். அப்பாவின் இசைத்தட்டுகளை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்கள்" என்றார். ஒரு கருவி ஒரு பக்கத்து ஒலியை மட்டுமே பெருக்கும். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த 1958ஆம் ஆண்டிற்குப்பின், இரு செவிக்கும் இரண்டு என்று ஜோடியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

இப்படி ஒரு பழைய கருவி கிடைத்தவுடன் எவருக்கும் எழும் முதல் ஆசை, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். அதைச் செய்யவே கூடாது. நெடுநாள் உறங்கிய கருவியில் காப்புப் பொருள்கள் உலர்ந்திருக்கும், மின்தேக்கிகள் கெட்டிருக்கும். நன்றாக இருக்கும் உறுப்புகளும் அந்த ஒரு கணத்தில் எரிந்துபோகலாம். முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். மூக்கால் முகர வேண்டும். பிறகு மீட்டரால் அளக்கவேண்டும். மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கத்தியை எடுப்பதில்லை அல்லவா?

இன்னொன்றை இங்கேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். வால்வுக் கருவியினுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் உண்டு. அது உயிரைக் குடிக்கக்கூடியது. பிளக்கை எடுத்துவிட்ட பின்னரும் மின்தேக்கிகளில் அந்த அழுத்தம் தங்கியிருக்கும். அதை ஒரு தகுந்த மின்தடை வழியாக வடியவிட்டு, மீட்டரால் அளந்து, சுழி ஆயிற்று என்று கண்ட பிறகே உள்ளே கை வைக்கவேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால், ஒரு கையால் மட்டுமே அளந்து, மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளவேண்டும். அப்போதுதான் மின்சாரம் ஒரு கை வழியாக ஏறி மார்பைக் கடந்து மறு கை வழியாக இறங்காது. மாணவர்களாகிய நீங்கள் இந்த வேலையைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். தொழில் அறிந்த பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

கருவிகளைத் துடைத்துவிட்டு நோக்கினேன். ஒவ்வொன்றிலும் ஐந்து வால்வுகள். ஈ.எப். 86 என்னும் சிறு வால்வுகள் இரண்டு; அவை குறியை முதலில் பெருக்கி, ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு குறிகளாகப் பிரித்துத் தருகின்றன. கே.டி. 66 என்னும் பெரிய வால்வுகள் இரண்டு. ஆற்றலைத் தருபவை இவையே. மரம் அறுக்கும் வாளின் இரு முனைகளையும் இருவர் பிடித்து, ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுப்பதுபோல, இவ்விரு வால்வுகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. ஐந்தாவது ஜி.ஸெட். 32, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குவது அதன் பணி. இவற்றோடு கரிய நிறப் பெட்டிகளாக இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். ஒன்று வீட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்வது. மற்றொன்று வால்வுகளின் ஆற்றலை ஒலிபெருக்கிக்கு ஒப்படைப்பது.

இரண்டு கருவிகளில் ஒன்று குற்றமற்றதாகத் தோன்றிற்று. மற்றொன்றில், மின்சாரம் வாங்கும் டிரான்ஸ்பார்மரின் அடிப்பாகத்தில் கறுப்பாக ஒரு துளி வழிந்து உறைந்திருந்தது. அது கீல். டிரான்ஸ்பார்மரின் கம்பிச்சுற்றுக்கு ஈரமும் அதிர்வும் தாக்காதவாறு அந்தக் காலத்தில் உள்ளே கீல் வார்த்து அடைப்பார்கள். கீல் உருகி வழிய வேண்டுமானால் டிரான்ஸ்பார்மர் அளவுக்குமீறிச் சூடாகியிருக்கவேண்டும். சூடாவதற்கு மின்னோட்டம் மிகுந்திருக்கவேண்டும். மின்னோட்டம் ஏன் மிகுந்தது? உருகிய கீல் வெறும் அடையாளம்தான். காரணம் வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் டிரான்ஸ்பார்மரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே கதியை அடையும்.

ஆனால் அதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அந்த டிரான்ஸ்பார்மர் பிழைத்திருக்கிறதா? மற்ற உறுப்புகளைக் கடையில் வாங்கிவிடலாம். இந்தக் கருவிக்கென்றே சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மர் அறுந்துபோனால், வேறொரு பழைய கருவியிலிருந்து எடுக்கவேண்டும். அல்லது கைதேர்ந்தவரிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்றவேண்டும். இரண்டும் எளிதல்ல. ஆதலின் ஒவ்வொரு சுற்றையும் மீட்டரால் அளந்து, கீல் வழியாத மற்றக் கருவியின் அளவுகளோடு வரிசையாக ஒப்பிட்டேன். ஜோடியாக வந்ததில் இப்படியும் ஒரு பயன்: ஒன்று மற்றொன்றிற்குச் சாட்சியாகின்றது. அளவுகள் ஒத்திருந்தன. சுற்றுகளுக்கும் இரும்புச் சட்டத்திற்கும் இடையே மின்கசிவும் இல்லை. டிரான்ஸ்பார்மர் சுட்டிருக்கிறது, ஆனால் சாகவில்லை. மாணவருக்கு அன்று மாலையே சொல்லி அனுப்பினேன், பழைய இரும்புக்குப் போடவேண்டாம் என்று.

இனி காரணத்தைத் தேடவேண்டும். கருவியின் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிகின்றன. பத்து விரல்களால் எண்ணத் தொடங்கி, இரண்டு மூன்று முறை மடக்கினால் முடிந்துவிடும், அவ்வளவுதான் உறுப்புகள். அவற்றுள் மூப்பினால் முதலில் கெடுவன மின்தேக்கிகள். ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் அவற்றைக் கண்டென்சர் என்பார்கள். இவற்றில் இரு வகை உண்டு.

முதல் வகை, நேர்மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது. ஏற்றம் இறைப்பவர் சால் சாலாகத்தான் நீரைக் கொட்டுகிறார். ஆனால் அதை ஒரு தொட்டியில் விழவிட்டால், தொட்டியின் வாயிலிருந்து நீர் இடைவிடாமல் ஓடுகின்றது. ஜி.ஸெட். 32 கொட்டுகின்ற துடிப்பான மின்சாரத்தை ஏந்திச் சீராக்கும் தொட்டிதான் இந்த மின்தேக்கி. நம் மின்சாரம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகள் செய்கின்றது. அதன் இரு பாதிகளையும் இந்த வால்வு பயன்படுத்திக்கொள்வதால் துடிப்பு நொடிக்கு 100 முறை வருகின்றது. தொட்டி வற்றிப்போனால் அந்தத் துடிப்பு ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்ற ரீங்காரமாகக் கேட்கும். இந்த மின்தேக்கியினுள் ஈரமான இரசாயனப் பசை உண்டு; பல்லாண்டுகளில் அது உலர்ந்துவிடும். குவாட் 2இல் 16 மைக்ரோபாரட் அளவுள்ள இரண்டு, ஒரே அலுமினியக் குவளைக்குள் இருக்கின்றன. குவளையைத் தோற்றத்திற்காக மேலே அப்படியே விட்டுவிட்டு, அதன் இணைப்பை நீக்கி, அடியில் புதிய மின்தேக்கிகளைப் பொருத்தினேன். 'பெரியதாக, நூறு மைக்ரோபாரட் வைத்தால் இன்னும் நல்லதல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்லதன்று. தொட்டி மிகப் பெரியதானால், அதை நிரப்ப ஒவ்வொரு துடிப்பிலும் வால்வு தன் சக்திக்கு மிஞ்சிய ஓட்டத்தைத் தரவேண்டிவரும். அது விரைவில் மாண்டுபோகும். செய்தவர் வைத்த அளவை ஒட்டியே நாமும் நடக்கவேண்டும்.

இரண்டாவது வகை, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குக் குறியை மட்டும் அனுப்பி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது. வாயிற்காவலனைப் போன்றது. பழைய காலத்தில் இதைக் காகிதமும் மெழுகும் கொண்டு செய்தார்கள். காலப்போக்கில் ஈரம் புகுந்து காகிதம் கசியத் தொடங்கும். கே.டி. 66 வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, சிறிது நேரம் மட்டும் மின்சாரம் கொடுத்து, அவற்றின் கிரிட் வருமிடத்தில் அழுத்தத்தை அளந்தேன். ஒன்றுமே இருக்கக்கூடாத அந்த இடத்தில் 9 வோல்ட் இருந்தது! காவலன் உறங்கிவிட்டான். மதகின் பலகை எப்போதும் உயர்ந்தே நிற்கின்றது. வால்வில் மின்னோட்டம் வெள்ளமாய்ப் பாய்கின்றது. அந்த வெள்ளத்தைக் கொடுத்துக் கொடுத்து டிரான்ஸ்பார்மர் கொதிக்கின்றது. கீல் உருகி வழிகின்றது. ஒரு விரல் நீளமுள்ள உறுப்பு கசிந்ததால் ஒரு கருவி முழுவதுமே அழிய இருந்தது. இரண்டு கருவிகளிலும் அந்த வகை மின்தேக்கிகள் அனைத்தையும், அதே 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள புதியவையாக மாற்றிவிட்டேன்.

அடுத்தது மின்தடைகள். கரியால் செய்த பழைய மின்தடைகளின் மதிப்பு ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலும் உயர்ந்துவிடும். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் பற்றாசு நீக்கி எடுத்து அளந்தேன். அளவு மாறியவற்றை மட்டும் மாற்றினேன். நல்ல நிலையில் இருந்தவற்றை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டேன். ஓரிடத்தில் வேறொருவர் முன்பே மாற்றியிருந்த மின்தடை ஒன்றைக் கண்டேன். கம்பியை முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, பற்றாசை மணிபோல் உருட்டாமல் மெல்லியதாகப் பரவவிட்டிருந்தார் அந்தப் பெயர் அறியாத மெக்கானிக். அதன் அளவு துளியும் மாறவில்லை. பழைய வீட்டின் சுவரில் முன்னோர் பூசிய சுண்ணாம்பைத் தடவிப் பார்ப்பதுபோல் எனக்கு இருந்தது. பழையது என்பதற்காகவே எல்லாவற்றையும் பிடுங்கி எறிவது சீரமைப்பு ஆகாது. கெட்டது எது, கெடாதது எது என்று அறிந்து பிரிப்பதே சீரமைப்பு.

இனி உயிர் கொடுக்கும் நேரம். பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. கருவிக்குச் செல்லும் மின்சாரத்தைத் தொடரில் ஒரு குண்டு பல்பின் வழியாக அனுப்புவார்கள். உள்ளே பழுது இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, மிகுதியான மின்சாரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், கருவி தப்பிவிடும். பழுது இல்லையானால் பல்பு சற்றே ஒளிர்ந்து மங்கிவிடும். இன்னொரு விதியும் உண்டு: ஒலிபெருக்கியையோ அதற்கு நிகரான மின்தடையையோ இணைக்காமல் வால்வுக் கருவியை ஓட்டக்கூடாது, ஓட்டினால், வெளிப்பக்கத்து டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் எல்லைமீறி எழுந்து அதன் காப்பைத் துளைத்துவிடக்கூடும். சட்டத்தை நிலத்தோடு இணைக்கும் மூன்றாவது கம்பியையும் சரிபார்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். பல்பு ஒருமுறை கண் விழித்து, மங்கிற்று. வால்வுகளினுள் செந்நிறம் மெல்லப் பரவிற்று.

பல்பை நீக்கிவிட்டு, கே.டி. 66 வால்வுகள் இரண்டிற்கும் பொதுவாக எதிர்மின்வாயில் உள்ள 180 ஓம் மின்தடையின் குறுக்கே அழுத்தத்தை அளந்தேன். 26 வோல்ட் அளவில் இருக்கவேண்டும், இருந்தது. ஓமின் விதியை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். 26ஐ 180ஆல் வகுத்தால் 0.144 ஆம்பியர். இரண்டு வால்வுகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றிற்கும் 0.072. அதே 26 வோல்ட்டை 0.144ஆல் பெருக்கினால் மூன்றே முக்கால் வாட். இந்தச் சிறிய மின்தடை ஓயாமல் வெளியிடும் வெப்பம் அது. ஆகையால்தான் 10 வாட் தாங்கும் மின்தடையை அங்கே வைத்து, மற்ற உறுப்புகளிலிருந்து சற்று விலக்கியும் வைத்தேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் விதி, இங்கே ஒரு கருவியின் உடல்நலத்தைச் சொல்லும் நாடித்துடிப்பாகிவிடுகிறது.

கருவிகள் அந்த வீட்டுக்குத் திரும்பிச் சென்றபோது நானும் உடன் சென்றிருந்தேன். மாணவரின் தாயார் ஒரு வீணை இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தார். தட்டு சுழன்றது, ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அந்த அம்மையார் ஒரு விரலை உயர்த்தி, "இதோ, இப்போது ஒரு கீறல் வரும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் 'டக்' என்று கேட்டது. வேறொன்றும் அவர் சொல்லவில்லை. எனக்கோ, நான் அளந்த எண்கள் அனைத்தையும்விட அந்தக் கீறலே பெரிய நற்சான்றாகத் தோன்றிற்று. உண்மை மாறாத ஒலி என்பது வீணையை மட்டும் தருவதன்று; தட்டில் இருக்கும் கீறலையும் மறைக்காமல் தருவது.

வால்வுக் கருவியின் ஒலி டிரான்ஸிஸ்டர் கருவியின் ஒலியைவிட இனிமையானது என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். மாணவர்கள் இதை விஞ்ஞான முறையில் ஆராயவேண்டும். 1967இல் அதே பீட்டர் வாக்கரின் கம்பெனி டிரான்ஸிஸ்டர்களைக் கொண்ட 303 என்னும் ஆம்ப்ளிபயரை வெளியிட்டது. பிறகு 405 வந்தது. 1978ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் பொறியாளர், குவாட் 2, 303, 405 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, எது எது என்று கேட்போருக்குச் சொல்லாமல் சோதித்தார். கேட்டவர்களால் அவற்றை நம்பத்தக்க வகையில் பிரித்தறிய இயலவில்லை. நன்றாக அமைந்த கருவி, தன் எல்லைக்குள் வேலை செய்யும்போது, தன் குரலை நுழைக்காமல் ஒதுங்கி நிற்கும். கெட்டுப்போன மின்தேக்கிகளோடு முழங்கும் வால்வுக் கருவியைக் கேட்டு 'பழமையின் இனிமை' என்று சொல்வது, கரை படிந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உலகம் பொன்னிறம் என்று சொல்வதைப்போன்றது.

'15 வாட் போதுமா?' என்பது அடுத்த கேள்வி. நம் செவி ஆற்றலை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஒலி இருமடங்காகத் தோன்றாது. சிறிது உயர்ந்ததாகவே தோன்றும். இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வீட்டுக் கூடத்தில் அமைதியாக இசை கேட்கையில், பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகின்றது. மிச்சமெல்லாம் திடீரென்று எழும் முழக்கங்களுக்கான கையிருப்பு. முழு ஆற்றலைப் பெற இந்தக் கருவிக்கு 1.4 வோல்ட் கொடுத்தால் போதும், இக்காலத்து சி.டி. இயக்கிகள் பல 2 வோல்ட் வரை தருகின்றன. ஆகவே நடுவில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குமிழை வைத்தால், 1953ஆம் ஆண்டுக் கருவியும் இன்றைய கருவியும் கைகோத்துக்கொள்கின்றன. வெப்பம் வெளியேறக் காற்றோட்டமுள்ள இடம் மட்டும் வேண்டும். அலமாரிக்குள் அடைத்து வைக்கக்கூடாது.

அப்படியானால், ஒலியில் மாயம் ஒன்றும் இல்லாதபோது, இத்தனை உழைப்பு எதற்கு? என்னளவில் விடை இதுதான். இந்தக் கருவியில் எனக்குத் தெரியாத அறை ஒன்றும் இல்லை. எந்த உறுப்பு ஏன் அங்கே இருக்கிறது, அது கெட்டால் என்ன நேரும், கெட்டதை எவ்வாறு அறிவது என்பவற்றை நான் அறிவேன். செய்தவர்கள் சுற்றின் வரைபடத்தைக் கருவியோடு சேர்த்தே கொடுத்தார்கள். வாங்குகிறவர் அறிந்துகொள்ளட்டும், பழுதானால் யாரேனும் பார்க்கட்டும் என்று கருதினார்கள். இன்று நம் கைகளில் இருக்கும் கருவிகள் இதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தவை. ஆயினும் அவற்றுள் பலவற்றைத் திறக்கவும் இயலாது. திறந்தாலும் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. பயன்படுத்தத் தெரிகிறது; அறியத் தெரிவதில்லை. ஒரு பழைய கருவியை ஒருமுறையேனும் முழுவதும் புரிந்துகொண்டவர், புதிய கருவியின் முன்னும் மருண்டு நிற்கமாட்டார். உள்ளே நடப்பது மந்திரமன்று, காரணமும் காரியமுமே என்னும் துணிவு அவருக்கு ஏற்பட்டுவிடுகிறது.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு பழைய ரேடியோவோ, மின்விசிறியோ, தையல் இயந்திரமோ கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்கு எடை போடுவதற்கு முன், தொழில் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு வரைபடத்தைத் தேடிப் பெறுங்கள். எந்த உறுப்பு எதற்கு என்று கேளுங்கள், கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அது பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். எப்படியாயினும், இயந்திரத்தின் மொழியில் சில சொற்களை நீங்கள் கற்றிருப்பீர்கள். அந்த மொழியைக் கற்பதற்கு அதைவிட எளிய பள்ளிக்கூடம் வேறில்லை.